கப்பலில் கோடு போட்டவர்

மாலுமிகளின் உயிரைக் காத்த சாமுவேல் பிளிம்சால்

துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பலைப் பார்த்தவர்கள், அதன் பக்கத்தில் ஒரு குறியைக் கவனித்திருக்கலாம். ஒரு வட்டம். அந்த வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. அதன் அருகில் ஏணிப் படிகளைப் போலச் சில சிறு கோடுகள்.

சென்னைக்கு வரும் சரக்குக் கப்பலில் அது இருக்கும். தூத்துக்குடிக்கு வரும் கப்பலில் இருக்கும். கொழும்பு, லண்டன், நியூயார்க் என்று எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் அந்தக் குறியைப் பார்க்கலாம்.

அது அழகுக்காகப் போட்ட கோடு அல்ல. அந்தக் கோடு தண்ணீருக்குள் மூழ்கும் அளவுக்குக் கப்பலில் சரக்கு ஏற்றக் கூடாது. ஏற்றினால் குற்றம். கப்பல் புறப்பட முடியாது.

உலகம் முழுவதும் உள்ள கப்பல்காரர்கள் அதைப் பிளிம்சால் கோடு என்று சொல்வார்கள். பிளிம்சால் என்பது ஒரு மனிதரின் பெயர். அவர் கப்பல் தலைவர் அல்ல; மாலுமியும் அல்ல. அவர் ஒரு நிலக்கரி வியாபாரி!

நிலத்தில் வியாபாரம் செய்த மனிதர், கடலில் செத்துக் கொண்டிருந்தவர்களுக்காகப் போராடினார். பெரும் பணக்காரர்களைப் பகைத்துக் கொண்டார். கோர்ட்டுப் படி ஏறினார். பார்லிமெண்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஆனாலும் விடவில்லை. ஒரே ஒரு கோட்டுக்காக இருபது ஆண்டுகள் பாடுபட்டார்.

பீர் ஆலை குமாஸ்தா

சாமுவேல் பிளிம்சால் 1824-ம் ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி, இங்கிலாந்தில் உள்ள பிரிஸ்டல் என்ற துறைமுக நகரத்தில் பிறந்தார். தகப்பனார் கலால் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். பெரிய குடும்பம். வருமானம் குறைவு.

சிறு வயதிலேயே குடும்பம் பிரிஸ்டலை விட்டுப் போய்விட்டது. பென்ரித் என்ற ஊரில் சில காலம். பிறகு இரும்புத் தொழிலுக்குப் பேர் போன ஷெபீல்டு நகரம். பிளிம்சால் அதிகம் படிக்கவில்லை. இளம் வயதிலேயே வேலைக்குப் போனார். ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். பிறகு பீர் காய்ச்சும் ஆலை ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, உழைப்பால் உயர்ந்து மானேஜர் ஆனார்.

1851-ல் லண்டனில் உலகப் பெரும் பொருட்காட்சி நடந்தது. ஷெபீல்டு நகரத்தின் சார்பில் அதற்கு வேண்டிய ஏற்பாடுகளைக் கவனிக்கும் கௌரவச் செயலாளர் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. ஊரில் நல்ல பெயர்.

தைரியம் வந்தது. 1853-ல் லண்டனுக்குப் போய்ச் சொந்தமாக நிலக்கரி வியாபாரம் தொடங்கினார். ஆனால் இரண்டே ஆண்டுகளில் வியாபாரம் படுத்துவிட்டது. 1855-ல் அவர் திவாலானார்.

ஏழைகளோடு ஏழையாக

கையில் காசில்லை. லண்டன் மாநகரத்தில் கூலிக்காரர்கள் படுத்துறங்கும் மலிவான விடுதியில் போய்த் தங்கினார். அப்போது அவருடைய ஒரு வாரச் செலவு 7 ஷில்லிங் 9½ பென்னி. ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். அரை பவுனுக்கும் குறைந்த பணத்தில் சாப்பாடு, படுக்கை, துணி வெளுப்பு எல்லாம் முடிய வேண்டும்!

அந்த விடுதியில்தான் அவர் ஏழைகளின் மனத்தைப் படித்தார். வேலை இல்லாமல் திரும்பி வருகிறவனுக்கு, வேலை கிடைத்தவன் தன் ரொட்டியில் பாதியைக் கொடுப்பான். நோயுற்றவனைப் பக்கத்துப் படுக்கைக்காரன் பார்த்துக் கொள்வான். ஏழைகள் முரடர்கள், பொறுப்பில்லாதவர்கள் என்று கனவான்கள் பேசிக் கொண்டிருந்த காலம் அது. அது பொய் என்பதைப் பிளிம்சால் கண்ணால் பார்த்தார். தனக்கு மறுபடியும் நல்ல காலம் வந்தால், இவர்களை மறக்கக் கூடாது என்று உறுதி செய்து கொண்டார்.

நல்ல காலம் வந்தது. அந்த நாளில் ரயிலில் வரும் நிலக்கரியை உயரத்திலிருந்து கொட்டுவார்கள். அது நொறுங்கித் தூளாகிவிடும். தூளுக்கு விலை இல்லை. நிலக்கரி நொறுங்காமல் இறக்குவதற்குப் பிளிம்சால் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். லண்டன் ரயில் நிலையத்தின் அருகில் பெரிய நிலக்கரிக் கிடங்கு அமைத்தார். பணம் சேர்ந்தது. எலிசா என்ற பெண்ணை மணந்தார். கடைசி வரை அவருடைய போராட்டத்தில் தோள் கொடுத்தவர் அந்த அம்மையார்.

1868-ல் டெர்பி என்ற ஊர் மக்கள் அவரைப் பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். லிபரல் கட்சி உறுப்பினராகச் சபைக்குள் நுழைந்தார்.

சவப்பெட்டிக் கப்பல்கள்

அந்தக் காலத்தில் உலகத்தின் கடல் வாணிபத்தில் பெரும் பகுதி இங்கிலாந்தின் கையில் இருந்தது. நிலக்கரி, இரும்பு, மரம், தானியம், பஞ்சு எல்லாம் கப்பலில்தான் போக வேண்டும். கப்பல் முதலாளிகளுக்குக் கொள்ளை லாபம்.

ஆனால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கப்பல்கள் மூழ்கிக் கொண்டிருந்தன. இங்கிலாந்தின் கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கின. பெரும்புயலில் மட்டும் அல்ல. சாதாரணக் காற்றிலேயே பல கப்பல்கள் காணாமற் போயின. மாலுமிகள் அந்தக் கப்பல்களுக்குச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்று பெயர் வைத்தார்கள்.

ஏன் மூழ்கின? காரணத்தைத் தெரிந்துகொள்ள வீட்டில் உள்ள ஒரு பாத்திரம் போதும். வெறும் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டால் மிதக்கும். அதில் பிடி பிடியாக அரிசியைப் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும். விளிம்பு வரை தாழ்ந்த பிறகும் அது மிதக்கத்தான் செய்யும். ஆனால் தண்ணீரைச் சிறிது அசைத்தால் போதும். உள்ளே தண்ணீர் புகும், பாத்திரம் மூழ்கும்.

கப்பலும் அப்படித்தான். தண்ணீருக்கு மேலே எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அந்த உயரந்தான் அதன் உயிர். துறைமுகத்தில் அமைதியான தண்ணீரில் மிதக்கும் கப்பல், அலை அடிக்கும் நடுக்கடலிலும் மிதக்கும் என்று சொல்ல முடியாது.

இது முதலாளிகளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நூறு டன் அதிகம் ஏற்றினால் நூறு டன்னுக்கு அதிகக் கூலி. மாலுமிகளின் சம்பளம் அதேதான். சாப்பாட்டுச் செலவும் அதேதான். கூடுதலாக வருவது பெரும்பாலும் லாபம்!

இன்ஷூரன்ஸ் தந்திரம்

கப்பல் மூழ்கினால் முதலாளிக்கு நஷ்டம் அல்லவா? பிறகு ஏன் அவர் பயப்படவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போன பிளிம்சாலுக்குத் திகைப்பு ஏற்பட்டது.

பழைய கப்பல் ஒன்றின் மதிப்பு 3,000 பவுன் என்று வைத்துக்கொள்வோம். அதை முதலாளி 5,000 பவுனுக்கு இன்ஷூரன்ஸ் செய்யலாம். சட்டத்தில் அதற்குப் போதிய தடை இல்லை. கப்பல் ஒழுங்காகப் போய்த் திரும்பினால் சரக்குக் கூலி லாபம். மூழ்கினால் இன்ஷூரன்ஸ் பணத்தில் 2,000 பவுன் லாபம்! எப்படிப் பார்த்தாலும் அவருக்கு நஷ்டம் இல்லை.

இன்ஷூரன்ஸ் கொடுத்தவர்கள் ஏன் கேள்வி கேட்கவில்லை? அதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. ஒரு கப்பலின் இன்ஷூரன்ஸை ஒரே ஆள் ஏற்பதில்லை. பலர் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக் கொள்வார்கள். கப்பல் மூழ்கினால் ஒவ்வொருவருக்கும் சிறு தொகைதான் நஷ்டம். அதற்காகக் கோர்ட்டுக்குப் போனால் வழக்குச் செலவு அதைவிட அதிகமாகும். ஆகவே பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டு, அடுத்த ஆண்டு எல்லோருக்கும் கட்டணத்தை உயர்த்தி விடுவார்கள்.

கப்பல் கட்டுவதிலும் மோசடி நடந்தது. பலகைகளையும் தகடுகளையும் பிணைக்கும் ஆணிகளில் சில, தலை மட்டும் உள்ள போலி ஆணிகள். வெளியே பார்த்தால் ஆணி அடித்தது போல இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. ஆணி மிச்சம், உயிர் நஷ்டம்! உளுத்துப் போன கப்பலுக்குப் புது வர்ணம் பூசி, புதுப் பெயர் வைத்து மறுபடியும் கடலுக்கு அனுப்புவதும் உண்டு.

எல்லாக் கப்பல் முதலாளிகளும் அப்படிப்பட்டவர்கள் அல்ல. பலர் நாணயமானவர்கள். அளவோடு ஏற்றி, ஆட்களைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டு வந்தார்கள். ஆனால் அளவு மீறி ஏற்றுகிறவன் குறைந்த கூலிக்குச் சரக்கை எடுத்துக் கொண்டு போவான். அப்போது நாணயமானவனின் வியாபாரம் படுக்கும். அவனும் கொஞ்சம் அதிகமாக ஏற்றத் தொடங்குவான். சட்டம் இல்லாத இடத்தில் கெட்டவன் வைத்ததே விலை ஆகிவிடுகிறது.

இதை முதலில் எடுத்துச் சொன்னவரும் ஒரு கப்பல் முதலாளிதான். நியூகாசில் நகரத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹால் என்பவர், கப்பலுக்குக் கோடு போட வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக் கொண்டிருந்தார். அதைக் கேட்டுத்தான் பிளிம்சால் இந்த வேலையில் இறங்கினார்.

மறுத்தால் ஜெயில்!

ஆபத்தான கப்பல் என்று தெரிந்தால் மாலுமிகள் ஏறாமல் இருக்கலாமே?

முடியாது. வேலைக்கு ஒப்பந்தம் செய்து கையெழுத்துப் போட்ட மாலுமி, பிறகு கப்பலில் போக மறுத்தால் அது குற்றம். பத்து, பன்னிரண்டு வாரம் வரை ஜெயில் தண்டனை உண்டு. கப்பலைப் பார்க்கும் முன்பே கையெழுத்து வாங்கி விடுவார்கள். பிறகு துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்தால், கப்பல் தண்ணீரில் பாதி மூழ்கி நிற்கும். ஏறினால் சாவு, ஏறாவிட்டால் ஜெயில்.

1870-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகள் இப்படி ஜெயிலுக்குப் போனார்கள். ஒரு கப்பலில் ஏற மறுத்த ஆட்களை ஜெயிலில் போட்டுவிட்டு, வேறு ஆட்களை ஏற்றி அனுப்புவார்கள். அந்தக் கப்பல் மூழ்கிய செய்தி, ஜெயிலில் இருப்பவர்களுக்கு எட்டும். ஜெயிலுக்குப் போனதால் உயிர் பிழைத்தோம் என்று அவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

வீட்டில் இருக்கும் மனைவி மக்கள் கதி என்ன? மாலுமியின் சம்பளம் கப்பல் மூழ்கிய நாளோடு நின்றுவிடும். கணவனும் போய், மாதாமாதம் வந்த பணமும் அன்றோடு நிற்கும். வடக்குத் துறைமுக ஊர்களில் இப்படித் தவித்த விதவைகளின் வீடுகளுக்குப் பிளிம்சால் நேரில் போனார். மூட்டை தூக்கியும், துணி துவைத்தும் குழந்தைகளை வளர்த்த பெண்களைப் பார்த்தார். அவர்கள் சொன்னதை எல்லாம் குறித்துக் கொண்டார்.

நாட்டை உலுக்கிய புத்தகம்

1870-லும் 1871-லும் அவர் பார்லிமெண்டில் இந்த விஷயத்தைக் கிளப்பினார். பலிக்கவில்லை. சபையில் கப்பல் முதலாளிகள் பலர் உறுப்பினர்களாக இருந்தார்கள். சட்டம் செய்கிறவர்களும் அவர்கள். சட்டம் வந்தால் லாபம் குறையப் போகிறவர்களும் அவர்கள்!

சபை கேட்காவிட்டால் மக்களிடம் சொல்வது என்று அவர் முடிவு செய்தார். 1873-ல் நமது கடலோடிகள் என்ற கருத்துடைய பெயரில் ஒரு புத்தகம் வெளியிட்டார். நடை எளிமையானது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல எழுதினார். கடிதங்கள், கணக்குகள், இன்ஷூரன்ஸ் தாள்கள் எல்லாவற்றையும் படம் பிடித்துச் சேர்த்தார்.

புத்தகம் நாட்டை உலுக்கியது. பாதிரிமார்கள் அதைப் பற்றிப் பிரசங்கம் செய்தார்கள். தொழிற்சங்கங்கள் கூட்டம் போட்டன. நாடகக் கொட்டகைகளில் பிளிம்சாலைப் பற்றிப் பாடினார்கள். 1873-ல் கடலில் இறங்கிய அழகான பாய்மரக் கப்பல் ஒன்றுக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள்.

கப்பல் முதலாளிகளுக்குக் கோபம் பொங்கியது. அவர் மீது மான நஷ்ட வழக்குகள் போட்டார்கள். அவசரத்தில் பிளிம்சால் எழுதியவற்றில் சில தவறுகளும் இருந்தன. அவற்றுக்காக அவர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. வழக்குச் செலவு அவருடைய சொத்தைக் கரைத்தது. ஆனாலும் அடிப்படையான குற்றச்சாட்டு பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

சர்க்கார் ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தது. முதலாளிகள் கமிஷன் முன்பு வந்து வாதாடினார்கள். கப்பலுக்குக் கப்பல் அமைப்பு வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே விதி எப்படிப் பொருந்தும் என்றார்கள். இங்கிலாந்துக் கப்பலுக்கு மட்டும் கட்டுப்பாடு வைத்தால், வெளிநாட்டுக் கப்பல்கள் வியாபாரத்தைக் கொண்டு போய்விடும் என்றார்கள். சர்க்கார் கோடு போட்டால், பொறுப்பும் சர்க்காருக்குப் போய்விடும், முதலாளிக்குக் கவலை இருக்காது என்றும் சொன்னார்கள்.

கமிஷன் அவர்கள் பக்கம் சாய்ந்தது. கோட்டைக் கட்டாயம் ஆக்க வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தது.

பிளிம்சால் சளைக்கவில்லை. 1874-ல் தாமே ஒரு மசோதாவைக் கொண்டு வந்தார். ஓட்டு எடுத்தார்கள். வெறும் மூன்றே ஓட்டில் மசோதா தோற்றது!

சபையில் எழுந்த புயல்

மூன்றே ஓட்டு என்றதும் சர்க்காருக்கு நிலைமை புரிந்தது. பிரதம மந்திரி டிஸ்ரேலியின் சர்க்கார் 1875-ல் தானே ஒரு கப்பல் மசோதாவைக் கொண்டு வந்தது. அது அரைகுறையான மசோதா. இருந்தாலும், இதுவாவது கிடைக்கட்டும் என்று பிளிம்சால் காத்திருந்தார்.

1875 ஜூலை 22-ந் தேதி. சபை கலையும் காலம் நெருங்கி விட்டது. எல்லா மசோதாக்களுக்கும் நேரம் இல்லை என்று டிஸ்ரேலி எழுந்து சொன்னார். விவசாய நிலம் பற்றிய மசோதாவை வைத்துக்கொண்டு, கப்பல் மசோதாவைக் கைவிடுவதாக அறிவித்தார்.

அதாவது இன்னொரு குளிர்காலம். இன்னும் பல கப்பல்கள். இன்னும் பல நூறு உயிர்கள்.

பிளிம்சால் துடித்து எழுந்தார். மசோதாவைக் கைவிட வேண்டாம் என்று கெஞ்சினார். மாலுமிகளைச் சாவுக்கு அனுப்பும் கப்பல்காரர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறார்கள் என்று முழங்கினார். ஒரு உறுப்பினரின் பெயரைச் சொல்லி, அவருடைய கப்பல்கள் மூழ்கியது பற்றிக் கேள்வி கேட்கப் போவதாக அறிவித்தார். அவர்களைக் கயவர்கள் என்று அழைத்தார். சபைத் தலைவர் அந்தச் சொல்லைத் திரும்பப் பெறும்படி சொன்னார். பிளிம்சால் மறுத்தார். ஆளும் கட்சியினரை நோக்கி முஷ்டியை ஆட்டினார். சபையை விட்டு வெளியேறும்படி உத்தரவு பிறந்தது.

அவர் மனைவி எலிசா, பெண்கள் உட்காரும் மேல் மாடத்தில் இருந்தார். கணவர் எழுதி வைத்திருந்த கண்டன அறிக்கையின் பிரதிகள் அவர் கையில் இருந்தன. அவற்றைப் பத்திரிகைக்காரர்களுக்குக் கிடைக்கச் செய்தார். மறுநாள் நாடு முழுவதும் அதே பேச்சு!

ஊருக்கு ஊர் கண்டனக் கூட்டங்கள் நடந்தன. துறைமுகத் தொழிலாளர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், வியாபாரிகள், குடும்பப் பெண்கள் எல்லோரும் பிளிம்சால் பக்கம் நின்றார்கள். சபையின் கௌரவம் கெட்டுவிட்டதாகச் சில கனவான்கள் வருந்தினார்கள். மூழ்கிப் போன மாலுமிகளைப் பற்றி யார் வருந்துவது என்று மக்கள் கேட்டார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பிளிம்சால் சபைக்குத் திரும்பினார். சபை மரியாதையை மீறியதற்காக மன்னிப்புக் கேட்டார். ஆனால் தாம் சொன்ன விஷயம் எதையும் திரும்பப் பெறவில்லை.

டிஸ்ரேலி மக்களின் கோபத்தைக் கண்டு இறங்கி வந்தார். நேரம் இல்லை என்று சொன்ன அதே சர்க்கார், சில வாரங்களில் ஒரு தற்காலிகச் சட்டத்தை நிறைவேற்றியது! ஆபத்தான கப்பலைத் துறைமுகத்திலேயே நிறுத்தி வைக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் கிடைத்தது. கப்பலில் உள்ள ஆட்களில் நாலில் ஒரு பங்கினர் புகார் கொடுத்தால், கப்பலைச் சோதிக்க வழி பிறந்தது.

எங்கே போடுவது கோடு?

மறு ஆண்டு, 1876-ல், நிரந்தரச் சட்டம் வந்தது. இங்கிலாந்துக் கப்பல்களின் பக்கத்தில் வட்டமும் கோடும் கட்டாயம் ஆயின. பிளிம்சால் ஜெயித்துவிட்டார் என்று நாடு கொண்டாடியது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. கோடு போட வேண்டும் என்று சொன்ன சட்டம், எந்த உயரத்தில் போட வேண்டும் என்று சொல்லவில்லை! அதை முதலாளியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. முதலாளிகளின் செல்வாக்கு செய்த வேலை அது.

நல்லவர்கள் சரியான இடத்தில் போட்டார்கள். மற்றவர்கள் மேலே ஏற்றிப் போட்டார்கள். ஒரு கப்பல் தலைவர், கோட்டைப் புகை போக்கியின் மேலேயே வரைந்து வைத்தார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கோடு மூழ்க வேண்டுமானால் கப்பலே மூழ்க வேண்டும்!

பெயருக்கு ஒரு சட்டம் இருந்தால் போதாது, அதன் உள்ளே உயிர் இருக்க வேண்டும் என்பது பிளிம்சாலுக்குத் தெரியும். ஆகவே அவர் போராட்டத்தை நிறுத்தவில்லை.

1880 தேர்தலில் டெர்பி மக்கள் அவரை மறுபடியும் பெரும் ஆதரவுடன் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது உள்நாட்டு மந்திரி ஹார்கோர்ட் என்பவர் தமது தொகுதியில் தோற்றுப் போய், வேறு இடம் தேடிக் கொண்டிருந்தார். பிளிம்சால் தம்முடைய இடத்தை அவருக்கு விட்டுக் கொடுத்தார். மந்திரியாக இருப்பவர் மாலுமிகளுக்குத் தம்மைவிட அதிகம் செய்ய முடியும் என்று நம்பினார். அந்த நம்பிக்கை அவர் எண்ணியபடி பலிக்கவில்லை. பிறகு தேர்தலில் நின்றும் அவரால் பார்லிமெண்டுக்குத் திரும்ப முடியவில்லை.

1882-ல் எலிசா அம்மையார் காலமானார். பிளிம்சாலுக்கு அது பேரிழப்பு. ஆனாலும் வேலை நிற்கவில்லை. மாலுமிகளும் கப்பல் நெருப்புத் தொழிலாளர்களும் சங்கம் அமைத்தபோது, அவரையே கௌரவத் தலைவர் ஆக்கினார்கள்.

கடைசியில் 1890-ல் அந்த ஓட்டை அடைபட்டது. கோட்டின் இடத்தை இனிச் சர்க்காரே நிர்ணயிக்கும் என்று சட்டம் வந்தது. ஒவ்வொரு கப்பலின் நீளம், அகலம், அமைப்பு எல்லாவற்றையும் கணக்கிட்டு, இத்தனை உயரந்தான் என்று முடிவு செய்தார்கள். ஒரே விதி எல்லாக் கப்பலுக்கும் பொருந்தாது என்று சொன்னவர்களுக்கு அதுவே பதில். கப்பலுக்கு ஏற்றபடி கணக்குப் போட முடிந்தது!

அதே 1890-ல் பிளிம்சால் இன்னொரு கொடுமையை வெளிப்படுத்தினார். அமெரிக்காவிலிருந்து உயிரோடு மாடுகளை ஏற்றி வரும் கப்பல்களில், மேல் தளத்தில் நெருக்கி அடைத்து மாடுகளைக் கொண்டு வந்தார்கள். புயலில் மாடுகள் கால் ஒடிந்து செத்தன. கப்பலும் நிலை தடுமாறியது. அதைப் பற்றியும் அவர் ஒரு புத்தகம் எழுதினார். வாயில்லாத ஜீவன்களும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

உலகம் ஏற்ற கோடு

1898-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி, போக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில் பிளிம்சால் காலமானார். அப்போது அவருக்கு வயது 74.

அவர் போட்ட கோடு அவரோடு மறையவில்லை. இங்கிலாந்தின் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கும் 1906-ல் அந்தச் சட்டம் விரிந்தது. தங்கள் வியாபாரம் வெளிநாட்டுக்குப் போய்விடும் என்ற பழைய வாதம் அதோடு அடங்கியது. 1930-ல் பல நாடுகள் லண்டனில் கூடி, கோட்டுக்குச் சர்வதேச ஒப்பந்தம் செய்து கொண்டன. 1966-ல் புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. இன்று உலகெங்கும் அந்த விதிதான்.

வட்டத்தின் அருகில் உள்ள சிறு கோடுகளுக்கும் பொருள் உண்டு. கடல் தண்ணீர் கனமானது. ஆற்றுத் தண்ணீர் அதைவிட லேசானது. ஆகவே ஒரே சரக்குடன் கப்பல் ஆற்றில் சற்று அதிகம் தாழும். அதற்கு ஒரு கோடு. வெப்ப மண்டலக் கடலுக்கு ஒரு கோடு. கோடை காலத்துக்கு ஒன்று. குளிர்காலத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே, பயங்கரப் புயல் அடிக்கும் வட அட்லாண்டிக் கடலின் குளிர்காலத்துக்கு ஒரு கோடு. அங்கே போகிற சிறிய கப்பல்கள் மிகக் குறைவாகத்தான் ஏற்றலாம்.

இங்கிலாந்தில் ரப்பர் அடி வைத்த கான்வாஸ் ஷூவுக்கும் பிளிம்சால் என்று பெயர். ரப்பரும் துணியும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மேல் வந்தால் கால் நனையும்! பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலில் கூட அவர் பெயர் நிலைத்துவிட்டது.

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1929-ல் அதை நிறுவியவர்கள் மந்திரிகள் அல்ல. கப்பல் கம்பெனிகளும் அல்ல. மாலுமிகளின் சங்கம்தான் அதை நிறுவியது.

கப்பல் தொழில் அழிந்துவிடும் என்று முதலாளிகள் பயமுறுத்தினார்கள். அழியவில்லை. கோடு வந்த பிறகும் கப்பல்கள் ஓடின; லாபமும் வந்தது. ஆனால் அந்த லாபத்துக்கு ஒரு எல்லை வந்தது. அதற்கு மேல் ஏற்றினால் அது சரக்கு அல்ல, மனித உயிர் என்று அந்தக் கோடு சொல்லியது.

தொழில் செய்கிறவர்கள் லாபம் தேடுவது இயல்பு. அதில் தவறில்லை. ஆனால் லாபம் ஒருவருக்கு, ஆபத்து இன்னொருவருக்கு என்று ஆகும்போது, நடுவில் ஒரு கோடு வேண்டும். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதை லாபம் பெறுகிறவரிடமே விட்டுவிட்டால், அது புகை போக்கிக்குத்தான் போகும். பிளிம்சால் இருபது ஆண்டுகள் பாடுபட்டு, அதைச் சரியான இடத்துக்கு இறக்கிக் கொண்டு வந்தார்.